ஈரமென்றால் உள்ளே

இதைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், தம்பி. இந்த விஷயத்தை எனக்குச் சொன்னவளை நான் நம்பவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்காக நம்பவில்லை. இன்று காலையில் சங்கரன்கோவிலில் அவள் வீட்டுப் படி ஏறும்போதாவது முழுசாக நம்பிக்கொண்டு ஏறினேனா என்று கேட்டால், அதுவும் எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பாப்பாவை ஜன்னல் பக்கம் மாற்றி உட்கார வையுங்களேன். நீங்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டால் அவளுக்கு மறைவாக இருக்கும். ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் பார்த்துக்கொண்டு போகமாட்டான். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் கழுத்தில் துண்டு கட்டியிருப்பதைப் பார்த்துத்தான் நான் இந்த சீட்டுக்கு வந்தேன், முன்னால் இடம் இருந்தது. எங்கள் வீட்டிலும் அந்தத் துண்டுதான். பழைய வேட்டியைக் கிழித்து, ஓரம் அடித்து, கொடி முழுக்க அதுதான் காயும். மழைக்காலத்தில் காயாது. விசிறிக்குக் கீழே போட்டுக் காயவைத்திருக்கிறோம்.

மூணு வயசா? சரி, சரி. நேரமிருக்கிறது.

எனக்குக் கோவில்பட்டியில் வாடகைப் பாத்திரக் கடை. முன்னால் கடை, நடுவில் பாத்திர ரூம், அதை ஒட்டி வீடு. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எதுவானாலும் அண்டா, தேக்சா, கரண்டி, டம்ளர், ஜமுக்காளம் நம் கடையிலிருந்து போகும். ஊரே வாய் வைக்கிற சாமான். சுத்தம் இல்லையென்றால் மறுநாள் கடையைப் பூட்ட வேண்டியதுதான். திரும்பி வருகிற பாத்திரத்தைக் கழுவி வெயிலில் கவிழ்த்துப் போடுவோம். காய்ந்துவிட்டதா என்று உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது, கையில் வேர்வை இருக்கும். புறங்கையை வைக்க வேண்டும். காய்ந்திருந்தால் உள்ளே கொண்டுபோய் அடுக்கு. ஈரமாக இருந்தால் வெளியிலேயே கிடக்கட்டும். ஒன்றை ஈரத்தோடு அடுக்கினால் மொத்த அடுக்கும் வாடை பிடித்துவிடும். இது என் அப்பா காலத்துச் சட்டம்.

எனக்கு மூத்தவள் சுகந்தி. அடுத்தவன் மகாராஜன். ராசன் என்போம். பிரசவத்தில் ஏற்பட்ட கோளாறு. ஒரு காலை இழுத்து நடப்பான். பேச்சு இரண்டு மூன்று வார்த்தையோடு நின்றுவிடும். அதெல்லாம் பழகிவிட்டது தம்பி, அதெல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை. வாய் ஒழுகும். அதுதான். பத்து வயசு தாண்டியும் சட்டையின் மார்புப் பக்கம் நனைந்தே இருக்கும். "வாயைத் துடை, வாயைத் துடை" என்று நானும் பிரமுவும் நாளெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்போம். பிரமு என் வீட்டுக்காரி. சொன்னால் துடைப்பான். சொல்லாவிட்டால் துடைக்கமாட்டான்.

ஸ்பெஷல் ஸ்கூலில் பிளாரன்ஸ் டீச்சர் என்று ஒருவர் இருந்தார். அவர்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்லிச் சொல்லி அவன் வாய் உங்க வேலையா ஆயிருச்சு அண்ணாச்சி. அதை அவன்கிட்டயே திருப்பிக் குடுப்போம்."

எப்படி என்று கேட்டேன். ஒரு வாட்ச் வாங்கிவரச் சொன்னார். அப்போதெல்லாம் பஜாரில் கிடைக்கும், கறுப்புப் பட்டை, இடைவெளி விட்டு விட்டுக் கீக்கீக் என்று கத்தும். வாட்ச் கத்தியதும் அவன் புறங்கையைத் தாடையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று தனக்குத்தானே சொல்ல வேண்டும். ஈரமாக இருந்தால் எச்சிலை விழுங்கிவிட்டுத் துடைத்துக்கொள்ள வேண்டும். சரியாகப் பார்த்துச் சொன்னால் இடது கையில் மாட்டியிருக்கிற ரப்பர் பேண்டில் ஒன்றைக் கழற்றி வலது கையில் அவனே மாட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான் பாடம்.

"ஈரம்னு சொன்னாலும் ரப்பர் உண்டா?" என்றேன்.

"உண்டு. பாத்ததுக்குத்தான் ரப்பர். காஞ்சதுக்கு இல்ல. முதல்ல அவனுக்கு அவனைத் தெரியட்டும்" என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. ஈரமாக இருப்பவனுக்கும் பரிசு கொடுத்தால் எப்படித் திருந்துவான்? சரி, படித்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். கரண்டிகளைச் சேர்த்துக் கட்டப் போடுகிற ரப்பர் பேண்டு கடையில் டப்பா டப்பாவாகக் கிடந்தது, அது ஒரு வசதி.

ஆரம்பத்தில் சிரிப்பாக இருக்கும். வாட்ச் கத்தியதும் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் தாடையைத் தொடுவான். டீச்சர் தாடையையும் தொட்டுப் பார்த்து "காஞ்சிருக்கு" என்றானாம். "அப்பாடா, இன்னைக்கு நான் பாஸ்" என்றாராம் அவர். கடைக்கு வந்த போஸ்ட்மேனைக்கூட விடவில்லை. அப்புறம் மெல்ல மெல்லத் தன் தாடைக்கு வந்தான். அவனுக்கு அது சீக்கிரம் பிடிபட்டதற்குக் காரணம் கடைதான். புறங்கையை வைத்துப் பார்ப்பது அவன் சின்ன வயசிலிருந்து பார்த்த வேலை. நான் அண்டாவைத் தொட்டால் அவனும் ஓடிவந்து தொடுவான்.

ஒன்று சொல்ல வேண்டும். அவன் பொய் சொல்லமாட்டான். ரப்பர் பேண்டுக்கு ஆசைப்பட்டு ஈரத்தைக் காய்ந்தது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பிரமு ஒளிந்து நின்று பார்த்திருக்கிறாள். யாரும் இல்லாத இடத்தில்கூட "ஈரம்" என்று தனக்குத்தானே சொல்லித் துடைத்துக்கொள்வானாம். என் ரத்தத்தில் அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பிரமு பக்கமாக இருக்கும்.

சட்டை காய ஆரம்பித்தது தம்பி. உண்மையாகவே காய ஆரம்பித்தது. அந்த மழைக்காலத்தில் கொடியில் துண்டு குறைந்தது. பிரமு அதைப் பார்த்துக்கொண்டே நின்று அழுதாள்.

அந்த சமயத்தில்தான் வளைகாப்புக்குப் பாத்திரம் பார்க்க ஒரு அம்மா கடைக்கு வந்தார். ராசன் ஆசையாக ஒரு டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது தாடையிலிருந்து ஒரு சொட்டு. பெரிசாக ஒன்றும் இல்லை, ஒரு சொட்டு. அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "வீட்டுல கேட்டுட்டு வாரேன் அண்ணாச்சி" என்று போனவர்தான். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. அந்த விரலைத் துடைத்தார் பாருங்கள்.

அன்றைக்கு அவனைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். அடிக்கவில்லை, அதட்டவில்லை. தலையைத் தடவிக்கொடுத்துத்தான் சொன்னேன். "ராசா, வாட்ச் கத்துனா தொட்டுப் பாரு. காஞ்சிருந்தா அப்பா பக்கத்துல இரு. ஈரமா இருந்தா உள்ள போயிரு. என்ன?"

"உள்ள" என்றான்.

"எங்க உள்ள?"

பாத்திர ரூமைக் காட்டினான். அவ்வளவு கெட்டிக்காரன்.

மறுநாளிலிருந்து அப்படியே செய்தான். வாட்ச் கத்தும், தொட்டுப் பார்ப்பான், ஈரமென்றால் எழுந்து காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்துகொள்வான். ஆள் போனதும் "ராசா, வாடா" என்று குரல் கொடுப்பேன். சிரித்துக்கொண்டே வருவான். அவனுக்கும் அது ஒரு விளையாட்டு மாதிரிதான் இருந்தது. இருந்திருக்கும்.

பிரமு இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அண்டா ஈரமா இருந்தா வெயில்ல போடுதீக. பிள்ளை ஈரமா இருந்தா இருட்டுல போடுதீக."

"யாவாரம் நடக்கிற இடம்" என்றேன்.

டீச்சர் போன் செய்தார். "அண்ணாச்சி, வாட்ச் கத்துனா ராசன் கிளாஸை விட்டு எந்திரிச்சுப் போயிடுறான். ஸ்டோர் ரூம்ல போய் உக்காந்துக்கிடுறான். வீட்டுல புதுசா ஏதாவது சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்லையே டீச்சர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வாய்க்கு வந்தது அதுதான். அவர் "ஈரம்னா துடைக்கணும், அவ்வளவுதான் அண்ணாச்சி. ஈரம்னா போகணும்னு எங்கயோ கத்துக்கிட்டு வந்திருக்கான். நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவர் ஸ்கூலில் மாற்றிவிட்டார் போலிருக்கிறது. வீட்டில் என் சட்டம்தான் நடந்தது.

இதோ கண்டக்டர். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இந்த ரூட்டில் செக்கிங் ஏறுவார்கள்.

எங்கே விட்டேன்? சுகந்தி நிச்சயதார்த்தம். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சுகந்திக்குத் தூத்துக்குடியில் இடம் அமைந்தது. நல்ல இடம். நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டிலேயே. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுடைய தம்பியை நடுவில் உட்காரவைத்து, மாப்பிள்ளை சந்தனம் பூசி, புதுச்சட்டை போட்டுவிடுவார். அதற்கு அப்புறம்தான் தட்டு மாற்றுவார்கள். மச்சினன் சம்மதம் என்று அர்த்தம். விளையாட்டாகக் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு "எங்க அக்காவைத் தரமாட்டேன்" என்று சொல்லவும் செய்வார்கள், எல்லாரும் சிரிப்பார்கள்.

அன்று ராசனுக்கும் புதுவேட்டி. முன்ஹாலில் கதவு ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையில் வாட்ச். பக்கத்து மேஜையில் லட்டுத் தட்டு. வெளியே கார் சத்தம் கேட்டது. வாங்க வாங்க என்று எல்லாரும் வாசலுக்குப் போனோம். சம்பந்தியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு திரும்பி வருகிறேன், நாற்காலி காலியாக இருக்கிறது.

அதைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது தம்பி. கவலை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கவலை அப்படி இறங்காது. கவலை என்றால் ஏறும்.

எல்லாரும் உட்கார்ந்தாகிவிட்டது. சம்பந்தி ஒரு கவரைப் பிரித்துச் சட்டையை எடுத்தார். வெளிர்நீலம். "எங்க நம்ம சின்ன மாப்பிள்ளை? கூப்பிடுங்க, சந்தனம் காயப்போகுது" என்றார்.

நான் சொன்னேன்: "அவன் தாத்தா ஊருக்குப் போயிருக்கான்."

பிரமு காபித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். அப்படியே நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான்தான் பிள்ளையை எங்கேயோ அனுப்பிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். அத்தனை பேர் முன்னால் என்ன கேட்பாள்? காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பின்னால்தான் தெரிந்தது, மாப்பிள்ளை வீட்டார் முந்தின வாரமே பிரமுவுக்குப் போன் போட்டு அவன் சட்டை அளவைக் கேட்டிருக்கிறார்கள். அவனைப் பற்றி எல்லாம் தெரியும் அவர்களுக்கு. தெரிந்துதான் அளவெடுத்து வாங்கி வந்திருக்கிறார்கள். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன். சொல்லியிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"அப்ப முறைக்கு ஒரு தம்பி உக்காரட்டும்" என்றார் சம்பந்தி. பிரமுவுடைய தங்கை கோமதி, அவள்தான் இந்த சங்கரன்கோவில்காரி, அவள் மகன் பாலன் அங்கே நின்றான். சுகந்திக்குச் சித்தி மகன், தம்பி முறை. அவனை உட்காரவைத்தார்கள். சந்தனம் பூசினார்கள். சட்டை அவனுக்கு அக்குளில் இறுக்கியது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போட்டோவில் இருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு பிரமு வந்து என் சட்டையைப் பிடித்தாள். "எங்க என் பிள்ளை?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

கோமதிதான் பாத்திர ரூம் பக்கமிருந்து அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். வேட்டி கசங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தான். "அத்தான், கார் வந்தப்ப அவனாத்தான் எந்திரிச்சு உள்ள போனான். நான் கண்ணால பாத்தேன். யாரும் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

அவளைப் பார்த்தேன். அவள் பின்னால் பாலன், அந்த நீலச் சட்டையோடு, நெற்றியில் சந்தனத்தோடு நிற்கிறான். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"நீதானே உள்ள தள்ளிவிட்ட?" என்றேன். "உன் மகன் சபையில சந்தனம் பூசிக்கிடணும், சட்டை வாங்கணும். அதுக்கு என் மகனை ரூம்ல போட்டுட்ட."

கோமதி திரும்பினாள். பாலனுடைய சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவன் வளர்ந்த பையன், எல்லார் முன்னாலும் வெறும் மேலோடு நின்றான். சட்டையை மடித்து, ராசன் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலிமேல் வைத்தாள். "வா பாலா" என்றாள். போய்விட்டாள்.

அதோடு சரி. அவள் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை, பிரமுவையும் மிதிக்க விடவில்லை. பாலன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, போகவில்லை. அக்காவும் தங்கச்சியும் கோவிலில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். அந்த அளவுக்கு நான் பெருந்தன்மையாகத்தான் இருந்தேன்.

நீங்களே சொல்லுங்கள் தம்பி. புதுவேட்டி கட்டியிருக்கிறான். லட்டுத் தட்டு கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. லட்டு என்றால் அவனுக்கு உயிர். அந்தப் பிள்ளை தானாக எழுந்து இருட்டு ரூமுக்குப் போவானா? யாராவது நம்புவார்களா? இதைத்தான் நான் பிரமுவிடம் திரும்பத் திரும்பக் கேட்பேன். சாப்பிடும்போது கேட்பேன், கடையைப் பூட்டும்போது கேட்பேன். அவள் கேட்கவே வேண்டாம், நானே எடுப்பேன் அந்தப் பேச்சை.

ஒரு தடவை பிரமு பொறுக்க முடியாமல் ராசனையே கேட்டாள். "அன்னைக்கு உன்னை உள்ள போகச் சொன்னது யாரு ராசா?"

அவன் என்னைக் காட்டினான். "அப்பா."

"பாத்தியா, எதைக் கேட்டாலும் அப்பாம்பான். அவன்கிட்டப் போய்க் கேக்க" என்றேன்.

கல்யாணத்தில் சுகந்தி அவனைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். மணவறையில், அவள் தோளோடு தோளாக. வாட்சைக் கழற்றித் தன் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாட்ச் அவளோடு தூத்துக்குடிக்குப் போய், அங்கேயே கெட்டுப்போனது.

ராசனுக்கு இப்போது இருபத்தாறு வயசு. வாய் அநேகமாகக் காய்ந்தேதான் இருக்கும். கடையில் பாத்திரம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து உள்ளே விடுவது அவன்தான். அவன் கை வைத்துப் பார்த்து உள்ளே விட்டதை நான் திரும்பப் பார்ப்பதில்லை.

போன மாதம் சுகந்தியின் சின்ன மகளுக்குக் காதுகுத்து. எங்கள் வீட்டில்தான் பந்தி. ராசனும் இலையில் உட்கார்ந்திருந்தான். பாயசம் குடித்துக்கொண்டிருந்தான், தாடையில் வழிந்திருந்தது. பாயசம் என்றால் யாருக்குத்தான் வழியாது? அப்போது பந்தியில் ஏதோ ஒரு பிள்ளையின் கையில் வாட்ச் கத்தியது. கீக்கீக். அதே சத்தம்.

ராசன் டம்ளரைக் கீழே வைத்தான். புறங்கையைத் தாடையில் வைத்தான். எழுந்தான். பாதி இலை அப்படியே இருக்கிறது, அப்பளத்தைத் தொடவே இல்லை, காலை இழுத்துக்கொண்டு உள்ளே போகிறான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் கண்ணால் பார்த்தேன். கோமதி அன்றைக்குச் சொன்னாளே, அதே வார்த்தை.

பின்னாலேயே போனேன். பாத்திர ரூமில் கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்திருக்கிறான், இருபத்தாறு வயசு ஆண்பிள்ளை. நான் கதவு மறைவில் நின்றேன். அவன் துடைத்துக்கொண்டான். தொட்டுப் பார்த்தான். "காஞ்சிருக்கு" என்றான். சரி, வருவான் என்று நின்றேன். வரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பவும் தொட்டான். "காஞ்சிருக்கு." வெளியே பந்தி முடிந்து இலை எடுக்கிற சத்தம் கேட்கிறது. அவன் உட்கார்ந்தே இருக்கிறான்.

என்னால் முடியவில்லை. உள்ளே போனேன். "ராசா, காஞ்சிருச்சுல்லா? பின்ன ஏம்ப்பா இங்கேயே உக்காந்திருக்க?"

"நீங்க கூப்பிடலையே" என்றான்.

குறையாகச் சொல்லவில்லை தம்பி. மணி என்ன என்று கேட்டால் சொல்வோமே, அந்த மாதிரி சொன்னான்.

ஈரமென்றால் உள்ளே போ என்று சொல்லிக்கொடுத்தேன். காய்ந்தால் வெளியே வா என்று சொல்லிக்கொடுக்கவில்லை. கடையில் நான் கூப்பிடுவேன், அதனால் அது தெரியவில்லை. நிச்சயதார்த்தத்தன்று நான் கூப்பிடவில்லை.

அதற்குத்தான் இன்று சங்கரன்கோவில் போனேன். பிரமு தானும் வருகிறேன் என்றாள். நான்தான் முதலில் தனியாகப் போய் வருகிறேன் என்றேன்.

கோமதிதான் கதவைத் திறந்தாள். தலை நரைத்துப் போயிருந்தது. போன வாரம்கூட வந்துவிட்டுப் போன ஆள் மாதிரி "வாங்க அத்தான்" என்றாள். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "ராசனைக் கூட்டிட்டு வரலையா?"

"பஸ்ஸு கூட்டமா இருக்கும். அவனுக்கு ஒத்துக்கிடாது" என்றேன்.

"ம்" என்றாள். உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். சுவரில் பாலன் கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே காபியைக் குடித்தேன். வேறு எங்கே பார்ப்பது?

"கோமதி, நீ அன்னைக்குச் சொன்னதை நம்புதேன்" என்றேன்.

"எதை?"

"அவனாத்தான் உள்ள போனான்னு சொன்னியே, அதை."

அவள் எதிர்ச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கோபம் இல்லை. அழுகையும் இல்லை. "நான் பொய் சொல்லுதேன்னு இருந்தது உங்களுக்கு வசதியாத்தானே இருந்துச்சு அத்தான்" என்றாள். "அது இருக்கட்டும். நடுவுல நான் தேக்சா எடுக்க உள்ள போனேன். உன் சட்டையை எடுத்துட்டாங்கடா, வாடா, வந்து வாங்கிக்கடான்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். வரமாட்டேன்னுட்டான். வாசலையே பாத்துக்கிட்டு இருந்தான். நீங்க சபையில ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னது அப்பத்தான் என் காதுல விழுந்துச்சு. அதுக்கு மேல நான் அவனை எப்படி வெளிய கூட்டிட்டு வருவேன்?"

ஹாலுக்கும் அந்த ரூமுக்கும் நடுவில் ஒரு மரக்கதவுதான்.

கழுகுமலை வந்துவிட்டது. நீங்கள் இங்கேதானே இறங்க வேண்டும்? இருங்கள், அவசரப்படாதீர்கள், இங்கே வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். பாப்பா துண்டைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டிவிடுங்கள், நிறையப் பேர் ஏறுகிறார்கள்.

கோமதி அதைச் சொன்னதும் நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, இத்தனை வருஷம் கேட்காததை அவளிடம் கேட்டேன்.

"கோமதி, நீ உள்ள போனப்ப அவன் வாய் காஞ்சிருந்துச்சா?"